78 மாடல் பத்மினி: என்ஜின் ஓடினால் ரேடியோவில் ஒரே கரகரப்பு

கரூர்_பத்மினி | சனி இரவு

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் 1978 மாடல் பிரீமியர் பத்மினியில் அவருடைய பழைய ரேடியோவைத் திரும்பப் பொருத்தியிருக்கிறேன். பிலிப்ஸ், இரண்டு குமிழ், ஐந்து பட்டன், மீடியம் வேவ் மட்டும். இருபது வருஷமாகப் பரணில் கிடந்தது. உள்ளே காய்ந்துபோன எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்களை மாற்றினேன், டியூனிங் கயிறு புதிதாகக் கட்டினேன். வீட்டில் பேட்டரி வைத்துப் போட்டால் திருச்சி வானொலி, 936 கிலோஹெர்ட்ஸ், கணீரென்று வருகிறது.

வண்டியில்தான் பிரச்சினை. சாவி போடாமல் கேட்டால் நன்றாக இருக்கிறது. சாவி போட்டதும் மெல்லிதாக ஒரு இரைச்சல். என்ஜின் ஸ்டார்ட் ஆனால் டர்ர்ர் என்று கரகரப்பு, ஆக்சிலரேட்டர் மிதித்தால் அதோடு உய்ய்ங் என்று ஊளையும் சேர்கிறது. பேச்சே புரியவில்லை. டைனமோ, பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடித் தீப்பொறியை வரவைக்கும் தொடுமுனைகள்), கண்டன்சர் எல்லாம் பழைய அமைப்புதான், எலக்ட்ரானிக் இக்னிஷன் கிடையாது. கார் ஆடியோ கடை ஒன்றில் 'நாய்ஸ் ஃபில்டர்' என்று 350 ரூபாய்க்கு ஒரு டப்பா கொடுத்தார்கள். மாட்டியும் துளி மாற்றம் இல்லை. அப்பாவுக்கு வயது 74. இந்த வண்டியில் இந்த ரேடியோவைக் கேட்டுக்கொண்டு ஒரு தடவை திருச்சி வரை போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். எங்கே ஆரம்பிப்பது?

ஹெரால்டு_தாம்பரம் | சனி இரவு

பிளக்கை ரெசிஸ்டர் பிளக்காக (உள்ளேயே தடை வைத்தது) மாற்றுங்கள், பிளக் ஒயர்களையும் கார்பன் ஒயராகப் போடுங்கள். என் ஸ்டாண்டர்டு ஹெரால்டில் அதோடு பிரச்சினை முடிந்தது.

மதுரை_ரேடியோ | ஞாயிறு காலை

கரூர் தம்பி, இன்னும் எதையும் வாங்காதீர்கள். 70களிலும் 80களிலும் கார் ரேடியோ பொருத்துவதுதான் எனக்குத் தொழில். இந்தத் தொல்லையில் காசு விரயமாவதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் சாமான் மாட்டுவதில்தான். ஹெரால்டுக்காரர் சொன்னது தப்பில்லை, ஆனால் அது ஒரு சத்தத்துக்கு மட்டும் மருந்து. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் வண்டியில் மூன்று சத்தம் இருக்கிறது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறாக இருக்கும்.

முதலில் வண்டியை வெட்டவெளிக்குக் கொண்டுபோங்கள். டிரான்ஸ்ஃபார்மர், எல்ஈடி தெருவிளக்கு, உயர் அழுத்தக் கம்பி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. என்ஜினை நிறுத்தி ரேடியோவை மட்டும் போட்டு, வண்டி சும்மா இருக்கும்போது சத்தம் எப்படி இருக்கிறது என்று காதில் வாங்கிக்கொள்ளுங்கள். அதுதான் அளவுகோல்.

அப்புறம் என்ஜினை ஓடவிட்டு, ரேடியோவின் பின்பக்கம் ஏரியல் பிளக்கை உருவிப் பாருங்கள். நிலையம் போய்விடும், அது பரவாயில்லை. எந்தச் சத்தம் கூடவே போனதோ அது காற்று வழியாக ஏரியலில் ஏறியது. எது போகாமல் நிற்கிறதோ அது பெரும்பாலும் கரண்ட் ஒயர் வழியாக உள்ளே வருகிறது. சந்தேகம் இருந்தால் யுபிஎஸ்ஸில் வருகிற சின்ன 12 வோல்ட் பேட்டரியைத் தனியாகக் கொடுத்து ரேடியோவை ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாவது சோதனைக்கு ரேடியோ ஒயர் சாவி வழியாக வராமல் நேராக பேட்டரியிலிருந்து வர வேண்டும், நடுவில் ஃப்யூஸ் அவசியம். வண்டியை நிறுத்திய இடத்திலேயே நியூட்ரலில் என்ஜினை நன்றாக முறுக்கிவிட்டுச் சாவியை அணையுங்கள். ஓடுகிற வண்டியில் இதைச் செய்யவே கூடாது. அணைத்த கணமே செத்துப்போகிற சத்தம் தீப்பொறியுடையது. என்ஜின் சுற்றி ஓய்கிற அந்த ஓரிரு நொடியில் சுதி இறங்கிக்கொண்டே அடங்குகிற சத்தம் டைனமோவுடையது.

மீடியம் வேவ் மட்டும் ஏன் இப்படிப் பாடுபடுகிறது என்று சிலர் கேட்பார்கள். ஆரம்ப காலத்தில் மார்க்கோனி செய்தி அனுப்பியதே தீப்பொறியால்தான். உங்கள் பத்மினியின் பிளக்கும் அதே வேலையைத்தான் செய்கிறது. பிளக் ஒயர் அதற்கு ஏரியல் ஆகிவிடுகிறது. நாலு சிலிண்டர் என்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு தீப்பொறி போடும். ஐட்லிங்கில் நிமிஷத்துக்கு 900 சுற்று என்றால் நொடிக்கு 30 தீப்பொறி. அந்த 30 தட்டுதான் உங்களுக்கு 'டர்ர்ர்' என்று கேட்கிறது. 3000 சுற்றில் நொடிக்கு 100. ஒவ்வொரு தீப்பொறியும் குறிப்பிட்ட அலைவரிசை என்று இல்லாமல் எல்லா இடத்திலும் தெறிக்கும். மீடியம் வேவ் ஒலிபரப்பு அலையின் உயரத்தை வைத்துப் பேச்சைச் சுமக்கிறது, தீப்பொறியும் அந்த உயரத்தையே கலைக்கிறது. எஃப்எம் அப்படியில்லை, அதனால் தப்பித்துக்கொள்கிறது.

கரூர்_பத்மினி | திங்கள் இரவு

ஐயா, அமராவதி ஆற்றங்கரைப் பக்கம் ஒரு வெட்டவெளிக்குக் கொண்டுபோய்ச் செய்து பார்த்தேன். நீங்கள் சொன்னபடி மூன்றுதான்!

கரகரப்பு: ஏரியலை உருவியதும் ஏறக்குறைய முழுக்கப் போய்விட்டது. சாவி அணைத்தால் டக்கென்று நிற்கிறது.

ஊளை: ஏரியலை உருவினாலும் அப்படியே நிற்கிறது. சாவி அணைத்ததும் என்ஜினோடு சேர்ந்து கீழே இறங்கி அடங்குகிறது. தனி பேட்டரி கொடுத்தபோது சுத்தமாக இல்லை.

மெல்லிய இரைச்சல்: என்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒன்றுதான். சாவி போட்டாலே வருகிறது. இதுவும் ஏரியலோடு போய்விடுகிறது.

டைனமோ_கோவை | திங்கள் இரவு

ஊளைக்கு நான் சொல்கிறேன், ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறேன். டைனமோவைக் கழற்றி கம்யூட்டேட்டரை, அதாவது பிரஷ் உரசுகிற செம்புப் பட்டை உருளையை, பாருங்கள். கறுத்து வரிவரியாக இருந்தால் பிரஷ் ஒழுங்காக உட்காரவில்லை, ஒவ்வொரு பட்டையைத் தாண்டும்போதும் பொறி விடுகிறது என்று அர்த்தம். அந்தப் பொறிதான் ஊளை. மெல்லிய கண்ணாடித்தாள் வைத்துத் தேய்க்கலாம். எமரி தாள் வேண்டாம், அதன் துகள் பட்டைகளுக்கு நடுவே சிக்கினால் ஷார்ட் ஆகும். பட்டைகளுக்கு இடையில் இருக்கும் மைக்கா மேலே துருத்திக்கொண்டிருந்தால் அதைக் கீழே இறக்க வேண்டும். பிரஷ் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

அதற்கப்புறம்தான் கண்டன்சர். 1 மைக்ரோஃபாரட், உலோகக் குப்பியில் ஒற்றை ஒயரோடு வருவது. டைனமோவில் தடித்த ஒயர் வருகிற முனையில் போட வேண்டும். ஃபியட் வகையில் அது 51, லூகாஸ் வகையில் 'டி'. மெல்லிய ஒயர் இருக்கிற ஃபீல்டு முனையில், அதாவது 67 அல்லது 'எஃப்'பில், எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் பெட்டிக்குள் துடித்துக்கொண்டிருக்கும் பாயிண்ட்கள் கருகி ஒட்டிக்கொள்ளும், சார்ஜிங் கட்டுமீறிப் போய் பேட்டரி கொதிக்கும். இப்படி வந்த வண்டிகளை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன்.

நீங்கள் வாங்கிய 350 ரூபாய் டப்பா ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஆடியோ ஒயரில் போடுவதாக இருக்கும். இந்த ரேடியோவுக்கு அதனால் பயனில்லை. திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள்.

அம்பாசடர்_விருதை | செவ்வாய் காலை

கண்டன்சர் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். என் மார்க் 3 அம்பாசடரில் ரேடியோ சத்தத்துக்காக ஒரு மெக்கானிக் இக்னிஷன் காயிலின் இரண்டு முனையிலும் கண்டன்சர் போட்டுக் கொடுத்தார். சத்தம் குறைந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் அன்று மாலையே ராஜபாளையம் ரோட்டில் வண்டி இருமிக்கொண்டே வந்து நின்றுவிட்டது, பாயிண்டைத் திறந்தால் குழி விழுந்திருக்கிறது. குடும்பத்தோடு இருட்டில் நின்றோம். யாரும் இந்தத் தப்பைச் செய்துவிடாதீர்கள்.

மதுரை_ரேடியோ | செவ்வாய் காலை

நல்லவேளை சொன்னீர்கள். காயிலில் சாவியிலிருந்து வருகிற முனையில் மட்டும்தான் போட வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிற முனை பாயிண்டோடு சேர்ந்தது. அங்கே ஏற்கனவே சுமார் 0.2 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்று அளவெடுத்து வைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் இன்னொரு 1 மைக்ரோஃபாரட் சேர்த்தால் மொத்தம் ஆறு மடங்கு. காயில் வீச்சோடு உதற முடியாமல் தீப்பொறி சோர்ந்துவிடும். ரேடியோ சத்தம் குறைந்தது தீப்பொறியே குறைந்ததால்தான்.

கரூர்_பத்மினி | வெள்ளி இரவு

டைனமோ முடிந்தது. கோவை அண்ணா, நீங்கள் எழுதியது அப்படியே இருந்தது. பின்மூடியைக் கழற்றியதும் கரித்தூள் கொட்டியது. கம்யூட்டேட்டர் கருவாடு மாதிரி கறுத்துக் கிடந்தது, ஒரு பிரஷ் நகக்கண் அளவுதான் மிச்சம். சுத்தம் செய்து இரண்டு பிரஷ்ஷும் மாற்றியதில் ஊளை பாதியாகக் குறைந்தது. கண்டன்சரை 51இல் போட்டு அதன் பட்டையை டைனமோ தாங்கியின் போல்ட்டில் முடுக்கினேன். ஒரு மாற்றமும் இல்லை. கண்டன்சர்தான் கெட்டதோ என்று இன்னொன்று வாங்கினேன், அதுவும் அப்படியே. அப்பா வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அடியில பெயிண்ட் இருக்குதே, எர்த் எப்படி ஆகும்?" என்றார். பட்டை உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு பத்து பைசா அகலத்துக்குப் பெயிண்டைச் சுரண்டினேன். வெள்ளையாக இரும்பு தெரிந்ததும் பல் வாஷர் வைத்து முடுக்கினேன். ஊளை போயே போய்விட்டது. 3000 சுற்றில் காதை ஸ்பீக்கரில் வைத்தால்தான் லேசாகத் தெரிகிறது.

மதுரை_ரேடியோ | வெள்ளி இரவு

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இந்த வேலையில் பாதி எர்த்தைத் தேடுவதுதான். பழைய வண்டிக்கு மறுபடி பெயிண்ட் அடிக்கும்போது கதவு, பானெட், மட்கார்டு எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று மின்சாரத்தில் பிரிந்துவிடுகின்றன. அப்போது கரகரப்பு வரும்.

மீட்டரை ஓம்ஸில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்விலும் இன்னொன்றை ஏரியல் அடித்தளத்தின் உலோக வளையத்திலும் வைத்துப் பாருங்கள். ஒரு ஓமுக்குக் கீழே வர வேண்டும். பானெட்டுக்கும் அதே போல.

அடுத்து, வீட்டில் கையடக்க டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை வைத்துச் சத்தத்தைக் கூட்டி, என்ஜின் ஓடும்போது வண்டியைச் சுற்றி வாருங்கள். ஃபேன் பெல்ட்டிலிருந்து கை தள்ளியே இருக்கட்டும். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைப்பது போல ஒவ்வொரு இடமாக வையுங்கள். ரேடியோவுக்குள் இருக்கும் ஃபெரைட் கம்பியின் முனை சத்தம் வருகிற திசையைக் காட்டினால் சத்தம் அடங்கும், பக்கவாட்டு காட்டினால் கூடும். அதை வைத்து எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

யாழ்_மொறிஸ் | சனி காலை

வணக்கம், குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ஒரு மொறிஸ் மைனர் இருக்கிறது. பொசிட்டிவ் எர்த். இதே கொண்டென்சர் முறை எனக்கும் பொருந்துமா? வண்டிக்கு ஒரு பழைய றேடியோவும் பார்த்து வைத்திருக்கிறேன்.

மதுரை_ரேடியோ | சனி காலை

கண்டன்சர் விஷயத்தில் கவலை வேண்டாம். இந்த வேலைக்கு வருகிற உலோகக் குப்பிக் கண்டன்சருக்குப் பிளஸ் மைனஸ் கிடையாது. இடமும் அதேதான்: டைனமோவில் 'டி', காயிலில் சாவிப் பக்கம். ஆனால் ரேடியோவைக் கவனமாகப் பாருங்கள். நெகட்டிவ் எர்த்துக்குச் செய்த ரேடியோவின் கூடு மைனஸோடு இணைந்திருக்கும். அதை பொசிட்டிவ் எர்த் வண்டியின் டேஷ்போர்டில் இறுக்கினால் பேட்டரி நேராக ஷார்ட் ஆகும், ஃப்யூஸ் இல்லையென்றால் ஒயர் எரியும். பழைய ரேடியோ சிலவற்றில் பின்னால் ஒரு சின்ன பிளக்கைக் கழற்றித் திருப்பிப் போட்டால் எர்த் மாறுகிற வசதி இருக்கும். அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்காமல் கரண்ட் கொடுக்காதீர்கள்.

யாழ்_மொறிஸ் | சனி மதியம்

மிக்க நன்றி ஐயா. பின்பக்கம் அப்படி ஒரு பிளக் இருக்கிறது, நெகட்டிவ் பக்கம் திரும்பியிருக்கிறது. நீங்கள் சொல்லியிராவிட்டால் அப்படியே பூட்டியிருப்பேன்.

கரூர்_பத்மினி | ஞாயிறு இரவு

இன்று முழுக்க இதே வேலை. மீட்டர் காட்டியது: பானெட்டுக்கு எதுவுமே இல்லை, முழுத் துண்டிப்பு. ஏரியல் அடித்தளத்துக்கு 40 ஓம்ஸுக்கு மேல், அசைத்தால் எண் ஓடுகிறது. எட்டு வருஷத்துக்கு முன்னால் முழுப் பெயிண்ட் அடித்தோம், அதன் விளைவு.

மட்கார்டுக்கு அடியில் கையை விட்டு ஏரியல் உட்காரும் இடத்தைச் சுரண்டினேன். துருவும் பெயிண்டுமாகப் பொருக்கு விழுந்தது. இப்போது 0.3 ஓம். பானெட்டுக்குக் கீல் பக்கத்தில் பின்னல் செம்புப் பட்டை ஒன்று போட்டு பாடியோடு சேர்த்தேன். இந்த இரண்டுக்கே கரகரப்பு கணிசமாகக் குறைந்தது.

பிறகு டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு சுற்றினேன். மூன்றாம் சிலிண்டர் பிளக் ஒயர் பக்கம் மற்றதைவிட உரக்கக் கத்தியது. ஒயரைக் கழற்றிப் பார்த்தால் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பில் உள்ளே போகும் முனை பச்சை பூத்து, ஒயர் ஆழமாக உட்காரவே இல்லை. தீப்பொறி பிளக்கில் மட்டுமில்லாமல் அங்கேயும் ஒரு தடவை தாவியிருக்கிறது. நாலும் சாதாரண செம்பு ஒயர்தான். இப்போது பிளக்குக்கு நேரே 5 கிலோ ஓம் சப்ரஸர் (சத்தத்தை அடக்கும் தடை) தொப்பி போடுவதா, ரெசிஸ்டர் பிளக்கா, கார்பன் ஒயரா? மூன்றையும் போடலாமா?

ஹெரால்டு_தாம்பரம் | ஞாயிறு இரவு

மூன்றையும் சேர்த்துப் போடாதீர்கள். எல்லாத் தடையும் கூடிப்போய்ப் பழைய காயிலுக்குத் திணறும், காலையில் ஸ்டார்ட்டிங் கஷ்டமாகிவிடும். நான் முதலில் அப்படித்தான் செய்து, பிறகு ரெசிஸ்டர் பிளக்கை எடுத்துவிட்டேன். நல்ல செம்பு ஒயர், 5 கிலோ ஓம் தொப்பி, சாதாரண பிளக். காயிலிலிருந்து வருகிற நடு ஒயருக்கும் ஒரு சப்ரஸர் போடுங்கள். முதல் நாள் நான் எழுதியது அவசரப் பதில், எர்த் பற்றி யோசிக்கவே இல்லை. இந்த இழையைப் படித்துவிட்டு என் ஹெரால்டின் பானெட்டையும் மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஹெரால்டில் முன்பக்கம் முழுதும் ஒரே துண்டாகத் திறக்கும் என்பதால் அதற்கு எர்த் பட்டை இன்னும் அவசியம். பட்டை இருந்தது, ஆனால் ஒரு முனை அறுந்து தொங்கியது.

கரூர்_பத்மினி | புதன் இரவு

தொப்பி, புது ஒயர், நடு ஒயருக்குச் சப்ரஸர், காயிலின் சாவிப் பக்கம் 1 மைக்ரோஃபாரட், எல்லாம் போட்டாயிற்று. கரகரப்பு இல்லை. வண்டி முன்பைவிட மிருதுவாகவும் ஓடுகிறது, மூன்றாம் சிலிண்டர் ஒழுங்காக எரிவதால் இருக்கலாம்.

மிச்சம் அந்தச் சாவி இரைச்சல். என்ஜின் சத்தம் எல்லாம் போனதும் இது முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது. ஒன்று கவனித்தேன்: டயலில் முள்ளை நகர்த்தினால் 60இல் (அதாவது 600 கிலோஹெர்ட்ஸில்) ஒரு தடவை உறுமுகிறது, பிறகு 75, 90, 105. சம இடைவெளி. 90இல் வருவது அகலமாகப் பரவி 936ஐயும் தொடுகிறது.

மதுரை_ரேடியோ | புதன் இரவு

இது 1978இல் உங்கள் வண்டியில் இருந்த சத்தமே இல்லை. சம இடைவெளியில் உறுமினால் அது ஏதோ ஒரு ஸ்விட்சிங் சாதனம். 150 கிலோஹெர்ட்ஸில் வெட்டுகிறது, அதன் மடங்குகள் டயல் முழுக்க விழுகின்றன. எல்ஈடி பல்பு போட்டிருக்கிறீர்களா? மொபைல் சார்ஜர்? ஃப்யூஸை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதை எடுத்தால் நிற்கிறது என்று பாருங்கள்.

கரூர்_பத்மினி | வியாழன் காலை

டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு யுஎஸ்பி சார்ஜர். மூன்று வருஷத்துக்கு முன் நானே மறைவாக ஒயர் செய்து வைத்தது, மறந்தே போயிற்று. ஏரியல் கேபிள் அதன் மேல் சாய்ந்துகொண்டு போகிறது. பிடுங்கியதும் டயல் முழுக்க அமைதி. அப்பா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, ரேடியோவைப் போட்டு 936இல் விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மதுரை_ரேடியோ | வியாழன் காலை

ரொம்ப சந்தோஷம். கடைசியாக ஒரு வேலை. ஏரியல் சாக்கெட் பக்கத்தில் சின்னத் துளைக்குள் ஒரு திருகு இருக்கும், அதுதான் டிரிம்மர். ஏரியலை முழுக்க நீட்டி, டயலின் மேல்பக்கம் 140ஐ ஒட்டி மங்கலாக வருகிற ஒரு நிலையத்தைப் பிடித்து, சத்தம் உச்சத்துக்கு வரும் வரை திருகை மெல்லத் திருப்புங்கள். ரேடியோவும் உங்கள் ஏரியல் கேபிளும் அப்போதுதான் பொருந்தும். கேபிள் நைந்திருந்தால் டிவி கேபிள் போட்டு ஒப்பேற்ற வேண்டாம். கார் ஏரியல் கேபிளின் உள்ளே தலைமுடி கனத்தில் ஒரு கம்பி காற்றுக் குழாயில் போகும். டிவி கேபிளில் அந்த இடைவெளி கிடையாது, மீடியம் வேவ் சிக்னலைக் கேபிளே குடித்துவிடும்.

கரூர்_பத்மினி | ஞாயிறு இரவு

இன்று போய்விட்டு வந்தோம். கரூரிலிருந்து காவிரிக்கரை ரோட்டில் திருச்சி. அம்மா பின் சீட்டில், அப்பாதான் ஓட்டினார். ரயில் மின்பாதை பக்கத்தில் வரும் இடங்களிலும் டிரான்ஸ்ஃபார்மர்களைத் தாண்டும்போதும் ஒரு உறுமல் வந்து போயிற்று. அது வண்டியுடையது இல்லை என்று இப்போது காது சொல்கிறது.

ஆனால் மாயனூர் தாண்டி, காய்ந்த தார் ரோட்டில் 50க்கு மேல் போனால் சரசரவென்று புதிதாக ஒன்று கேட்டது. என்ஜின் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அப்பா பிரேக்கை லேசாகத் தொட்டால் நின்றுவிடுகிறது, காலை எடுத்தால் திரும்ப வருகிறது.

மதுரை_ரேடியோ | ஞாயிறு இரவு

அது முன்சக்கரம். டயர் ரோட்டில் உருண்டு நிலைமின்சாரம் சேர்க்கிறது. பேரிங்கில் கிரீஸ் படலம் இருப்பதால் அது பாடிக்கு இறங்க முடியாமல் சேர்ந்து சேர்ந்து பொறியாகத் தாவுகிறது. பிரேக் தொட்டால் ஷூ டிரம்மில் படுகிறது, வழி கிடைத்து இறங்கிவிடுகிறது. அந்தக் காலத்தில் சக்கர நடுவில் இருக்கும் கிரீஸ் மூடிக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங் வைப்போம். அதன் முனை ஸ்பிண்டில் நுனியில் உரசிக்கொண்டிருக்கும். மூடியைக் கழற்றிப் பாருங்கள், ஸ்பிண்டில் நுனியில் குழி இருந்தால் ஸ்பிரிங் உட்காரும். மழை பெய்தால் இந்தச் சத்தம் தானாகவே இருக்காது.

கரூர்_பத்மினி | ஞாயிறு இரவு

நுனியில் குழி இருக்கிறது ஐயா, இப்போதுதான் டார்ச் வைத்துப் பார்த்தேன். வலது பக்க மூடிக்குள் பழைய ஸ்பிரிங்கே இருக்கிறது, முறிந்து இரண்டு துண்டாக. இடது பக்கம் காணோம். நாளைக்கு இரண்டுக்கும் புதிது சுற்றிப் போடுகிறேன். குளித்தலை வந்ததும் அப்பா சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தார், அதற்கப்புறம் திருச்சி வரும் வரை யாரும் பேசவில்லை.